நம்ம ஆட்கள் யாருக்குப் போடுவார்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. ஓய்வு பெற்று நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலி. செய்தி சேனல் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று டாக்டர் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் ஊக்கம் எங்கேயாவது தட்டுப்பட்டால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நம் தொழிலைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு வேட்பாளரை எந்தப் பிரிவு மக்களுக்குப் பிடிக்கிறது, அந்தப் பிடித்தம் ஓட்டாக மாறுமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்றால் தலைவலி இரட்டிப்பு. நிற்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சி, கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் எந்தப் பிரிவு எந்தப் பக்கம் சாயும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள், தொழிற்சாலை ஊர் வெள்ளைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருப்பார். இந்தியர்கள் என்று வந்தால் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். தமிழ் ஆட்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் சொல்லப்போவது ஜனாதிபதித் தேர்தலுக்கான பிரைமரியில் நின்ற ஒரு முன்னாள் கவர்னருக்காக வேலை செய்த கதை. பெயர் வேண்டாம், தோற்றுப்போன மனிதர். அந்தப் போட்டியில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னார். அப்பா அம்மாவின் வேலை விசாவில் குழந்தையாக இங்கே வந்து, இங்கேயே வளர்ந்த பிள்ளைகள், இருபத்தொரு வயது ஆனதும் பெற்றோரின் கிரீன் கார்டு வரிசையிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறார்கள். அப்புறம் இந்த நாட்டுக்கு அவர்கள் வெளியாள். அவர்களை இங்கேயே இருக்கவிடுவேன் என்றார் கவர்னர். ஏதோ ஒரு பள்ளிக்கூட அரங்கில், யாரோ கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் அது. அன்று சாயங்காலமே கலிபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊரில் உமா அவருடைய பிரசாரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

உமாவுக்கு ஓட்டுக் கிடையாது. புருஷனின் விசாவில் இருந்தாள். ஒரே பையன் நிதினை இரண்டு வயதில் கையில் தூக்கிக்கொண்டு வந்தவள். அவன் அப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம், வரப்போகும் கோடையில் இருபத்தொன்று. வரிசையோ நகரவே இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே வழி, தெரிந்தவர்களின் ஓட்டு. சிட்டிசன் ஆகிவிட்ட தமிழ்க் குடும்பம் டப்ளினிலும் பக்கத்துச் சான் ரமோனிலும் எத்தனை உண்டோ அத்தனை வீட்டுக்கும் போனாள். என்னை முதன்முதலில் போனில் அழைத்தபோது, "அக்கா, நம்ம ஆளுங்க எல்லாரும் கவர்னருக்குத்தான். ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல" என்றாள். நம் ஊர் ஆட்கள், வீடு தேடி வந்த பெண்ணிடம் மாட்டேன் என்று சொல்லி நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பிரசாரத்தை நடத்தியவன் கெவின் என்று ஓர் இளைஞன். நல்லவன்தான், தூக்கம் இல்லாத நல்லவன். அடுத்த வாரம் டெக்சஸில் கவர்னரின் பெரிய உரை இருந்தது. இந்தப் பிள்ளைகள் விஷயம் தொழிற்சாலை ஊர்களில் ஓட்டைக் குறைக்கிறது, உரையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மற்ற ஆலோசகர்கள் அவனைக் குடைந்துகொண்டிருந்தார்கள். "இந்தியர்களுடைய ஓட்டு இதனால் வருகிறது என்றால் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எடுத்துவிடுகிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான் என்னிடம். ஒரு பையன் அமெரிக்காவில் இருப்பதா போவதா என்பது இப்படித்தான் என் வேலைக்குள் வந்து உட்கார்ந்தது.

வாக்காளர்களை உட்காரவைத்துக் கருத்துக் கேட்கும் முதல் குழுவை எங்கள் ஊரிலேயே, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கூட்டினேன். பத்துப் பேர், எல்லாரும் சிட்டிசன், பாதிப்பேர் மருந்துக் கம்பெனி, பாதிப்பேர் மென்பொருள். நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரே கேள்வியை முதலில் தமிழில் கேட்பேன், கொஞ்ச நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு அதையே ஆங்கிலத்தில் கேட்பேன். தமிழில் கேட்டபோது ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கண்கலங்கிவிட்டார். "பாவம் மேடம் அந்தப் புள்ளைங்க. இங்கயே வளர்ந்ததுங்க, அங்க போய் என்ன பண்ணும்?" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அரை மணி கழித்து ஆங்கிலத்தில் கேட்டேன். அதே மனிதர், அதே நாற்காலி, அதே காபி. நாங்கள் ஒழுங்காக வரிசையில் நின்றுதான் வந்தோம், குறுக்கே நுழைகிறவர்களுக்கெல்லாம் சலுகை கொடுத்தால் ஒழுங்காக நின்றவன் முட்டாளா என்று நல்ல இலக்கணத்தோடு கேட்டார்.

அவர் பொய் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். முதல் பதிலும் நிஜம், இரண்டாவதும் நிஜம். முதலாவது வீட்டுக்கு வந்தவரோடு பேசுகிற மனசு. இரண்டாவது வரி கட்டுகிற, ஸ்கூல் போர்டு கூட்டத்தில் சண்டை போடுகிற, ஓட்டுப் போடுகிற மனசு. ஓட்டுச் சாவடிக்கு எந்த மனசு போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்களுக்குச் சம்பளம். எந்தக் கம்ப்யூட்டரும் இதை உங்களுக்குப் பிரித்துத் தராது, முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து டெக்சஸ். டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் இரண்டாவது குழு. அங்கே ஒரு டாக்டரம்மா, அவ்வளவு இனிமையான பெண்மணி. கவர்னரை ரொம்பப் பிடிக்கும், அவர் பேச்சே தனி என்றார். இந்தப் பிள்ளைகள் விஷயத்தை எடுத்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு லெவன்த் படிக்கிறா. அந்தப் பசங்க எல்லாரும் சூப்பரா படிக்கிறவங்க. அவங்களுக்கும் இங்கயே எல்லாம் குடுத்துட்டா, இவ காலேஜ் சீட்டுக்கு யாரோட போட்டி போடணும்னு யோசிச்சுப் பாருங்க." யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. குழு முடிந்ததும் விமானத்தில் சாப்பிட என்று எனக்கு எலுமிச்சம் சாதம் கட்டிக்கொடுத்தார். நன்றாகவே இருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது, என் மேலும்.

மூன்றாவது சான் ரமோன். ஆபீஸ் வளாகம் ஒன்றில் இதற்கென்றே கட்டிய அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பேசுகிறவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். பின்னால் எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம், யார் என்று சொல்வதில்லை. அன்று சனிக்கிழமை காலை கெவின் வந்து சேர்ந்தபோது கூடவே உமா. அவனுக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தவருக்குக் காய்ச்சல்.

"இந்தப் பெண் வேண்டாம்" என்றேன் கெவினிடம். "இவளுக்கு இந்த ஊரில் பாதிப்பேரைத் தெரியும்."

"வேறு யாரை இப்போது பிடிப்பது?" என்றான்.

உமாவைத் தனியே அழைத்துப் போனேன். "வேணாம்மா. உள்ள என்ன வேணா பேசுவாங்க. நீ கேக்க வேண்டியதில்ல."

"இல்லக்கா, நானே கேக்கறேன். நீங்க பாருங்க, எல்லாரும் எப்படிச் சொல்லப்போறாங்கன்னு" என்றாள். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

ஆட்களை நாங்கள் வாக்காளர் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தோம், அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழ் உலகம் கையகலம். முதல் ஆளாக உள்ளே வந்தவர் ராமநாதன் அங்கிள். ஓய்வு பெற்ற என்ஜினீயர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு உமாதான் அவரை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் காரில் கூட்டிப்போகிறவள். கடைசியாக வந்தவர் ஸ்டெல்லா, இலங்கைத் தமிழர், டப்ளினில் பல் டாக்டர்.

கவர்னரைப் பற்றிக் கேட்டேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவருக்குத்தான் போடுவீர்களா என்றேன். ராமநாதன் அங்கிள் சிரித்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? உமான்னு ஒரு பொண்ணு இருக்கா, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. வந்து கேட்டா, கண்டிப்பா போடறேம்மான்னுட்டேன். முகத்துக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்றது? ஆனா எனக்கு ரிட்டயர்மென்ட் பணம் பத்திரமா இருக்கணும். அதுக்கு இன்னொருத்தர்தான் சரி. அவ பையன் கெட்டிக்காரன், எங்க போனாலும் பொழச்சுப்பான்."

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். எங்க வீட்டுக்கும் வந்தா என்று ஒருவர் சொன்னார். அதே பதில், அதே கண்டிப்பா. நான் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தாலும் என் முகம்தான் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தார்.

"ஐயா, பிழைக்கிறது வேற. இருக்கிற இடத்த விட்டு எழும்பிப் போ எண்டு சொல்லுறது வேற. என்னை ஒருக்கா அப்பிடிச் சொன்னவங்கள். அந்தப் பிள்ளையள இருக்க விடுவன் எண்டு சொல்லுற மனுசனுக்குத்தான் என்ர வோட்."

ஒன்றாவது தேறியதே என்று நினைத்தேன். அந்த நிம்மதியில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வித்தாளில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது: ஓட்டுக்குப் பதிவு செய்தபோது எந்தக் கட்சி என்று குறித்தீர்கள்?

கலிபோர்னியாவில் இது முக்கியம். டெக்சஸில் சாவடிக்குப் போய் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் கட்சி குறிக்காதவர் அன்றைக்கே சொல்லிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் கட்சி எதுவும் இல்லை என்று பதிவு செய்தவருக்குத் தபாலில் வரும் சீட்டில் மற்ற எல்லாம் இருக்கும், ஜனாதிபதி வேட்பாளர்கள் பெயர் மட்டும் இருக்காது. இந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அதற்கென்று முன்னாலேயே ஓர் அட்டை வீட்டுக்கு வரும். நம் வீடுகளில் அது பீட்சா கூப்பன்களோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ராமநாதன் அங்கிள் உட்பட இரண்டு பேர் கட்சி குறித்திருந்தார்கள். மற்றவர்கள் யாரும் குறிக்கவில்லை. ஏன் என்றால், "எதுக்கு வம்பு." ஆபீஸில் தெரிந்தால் சங்கடம். நாளைக்கு வேறு கட்சி ஆட்சிக்கு வந்தால்? பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் அரசாங்கம் என்றால் ஓர் அடி தள்ளி நிற்கிற பழக்கம் நமக்கு. அத்தனை பேரும் படித்தவர்கள். தங்கள் சீட்டில் அந்தப் பெயர்களே இருக்காது என்பது ஒருவருக்கும் தெரியாது.

"நீங்க?" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"நான் ஒரு நாளும் எழுதேல்ல அக்கா. எந்தக் கட்சி எண்டு அரசாங்கத்துக்கு நானே எழுதிக் குடுக்கிறதோ? எங்கட வீட்டில அப்பிடி ஒரு பேப்பரில பேர் இருந்ததால ஒரு ஆளைக் கொண்டுபோனவங்கள்."

எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். கெவின் எழுந்து நின்றுகொண்டிருந்தான். உமா உட்கார்ந்தே இருந்தாள். எல்லாவற்றையும், தன்னைப் பற்றி ராமநாதன் அங்கிள் சொன்னதையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் அவள் மொழிபெயர்த்துச் சொன்னாளாம். கெவினே பிறகு என்னிடம் சொன்னான். பாதியில் நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை என்றான்.

"ஒரே வரியில் சொல்லுங்கள்" என்றான் என்னிடம். "இதனால் ஓட்டு வருமா?"

உமா என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வேலை செய்தால் வரும் என்று நான் சொல்லலாம். அந்த அட்டை விஷயத்தைச் சரிசெய்தால் போதும் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் உரையில் அந்த வாக்கியம் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும். ஆனால் நான் மூன்று ஊர் பார்த்துவிட்டு வந்தவள். பார்த்ததைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அவரைப் பிடிக்கிறது. இதற்காக ஓட்டு வராது" என்றேன்.

இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். பொய் சொல்லியிருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். சொல்லியிருந்தால் அந்தப் பொய்யை நம்பி உமா இன்னும் பத்து வீடு ஏறியிருப்பாள். நம் தொழிலில் சரியாகச் செய்துவிட்ட வேலை சில சமயம் யாருக்கும் எதற்கும் உதவாது. தப்பாகச் செய்திருந்தால் திருத்திக்கொள்ளவாவது ஒரு வழி இருக்கும்.

உமா எழுந்தாள். "நான் போய் ஸ்டெல்லா அக்காகிட்ட பேசிட்டு வரேன்." பின்னால் இருந்தவர் பேசியவரைத் தேடிப் போகக் கூடாது, அது விதி. நான் தடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஸ்டெல்லாவைப் பிடித்துவிட்டாள். நான் எட்டத்தில் நின்றேன். அக்கா, ஒரு அட்டைதான், கட்சி பேரை மட்டும் எழுதினா போதும், நான் நிரப்பிக் குடுக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க என்று கெஞ்சுவது கேட்டது. ஸ்டெல்லா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வேற என்ன வேணுமெண்டாலும் கேள் பிள்ளை. செய்யிறன். இதை மட்டும் கேக்காத. என்ர கை ஓடாது."

இரண்டு பேரும் அழுதார்கள். நான் வாடகைக் காரில் ஏறி விமான நிலையத்துக்குப் போனேன்.

டெக்சஸ் உரையில் அந்த வாக்கியம் இல்லை. அது இல்லாததை உமாவைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவள் கவர்னருக்காகப் போன் செய்துகொண்டுதான் இருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன். "ஜெயிச்சா ஞாபகம் வெச்சுப்பார் இல்லையாக்கா?" என்றாள். தொழிற்சாலை ஊர்களுக்காக வாக்கியத்தை எடுத்தார்களே, அந்த ஊர்களும் அவருக்குப் போடவில்லை. டெக்சஸும் கலிபோர்னியாவும் கைவிட்டன. நியூ ஜெர்சியில் எங்கள் முறை வருவதற்குள் அவர் போட்டியிலேயே இல்லை.

நிதின் அந்தக் கோடையில் மாணவர் விசாவுக்கு மாறினான். தான் வளர்ந்த ஊரின் கல்லூரியில் வெளிநாட்டு மாணவனாகப் படித்து முடித்தான். வேலை கிடைத்தது, வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழவில்லை. டொராண்டோவுக்குப் போனான். அவன் போன கொஞ்ச காலத்தில் உமாவுக்கும் அவள் புருஷனுக்கும் கிரீன் கார்டு வந்தது. போன் செய்து சொன்னாள். வாழ்த்துகள் என்றேன். தாங்க்ஸ்க்கா என்றாள்.

இனி சொல்லப்போவது உங்களில் ஒருவருக்குத் தெரியும். இரண்டு தேர்தல் தள்ளி, இன்னொரு வேட்பாளர், இன்னொரு பிரைமரி. அதே சான் ரமோன். அது என் கடைசி வேலை. குழுவை நடத்தியது அப்போது பயிற்சிக்கு வந்திருந்த உங்களில் ஒருவர், நான் கண்ணாடிக்குப் பின்னால் வெறுமனே பார்க்க வந்தவள். வரிசையில் நான்காவதாக உள்ளே வந்து உட்கார்ந்தவள் உமா. சிட்டிசன் ஆகியிருந்தாள். தலை நரைத்திருந்தது. கட்சி குறித்துப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, அந்த அறையில் உடனே ஆமாம் என்றது அவள் ஒருத்திதான்.

விசாவில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி இந்த வேட்பாளரும் ஏதோ சொல்லியிருந்தார். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். உமாவின் முறை வந்தது. வருத்தமான விஷயம்தான், ஆனால் என் ஓட்டை அது முடிவு செய்யாது, எனக்குச் சொத்து வரிதான் முக்கியம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தெளிவான பதில். நீங்கள் அப்படியே குறித்துக்கொண்டீர்கள், சரியாகத்தான் குறித்தீர்கள்.

வெளியே வந்தபோது கார் அருகே என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நீங்களா பின்னாடி இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"நான் சொன்னதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

கொஞ்ச நேரம் சாவியைத் தேடினாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்காக ஒருத்தராவது போட்டாங்களாக்கா?"

அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. அன்று அந்தப் பதிலைச் சொன்னவளே நான்தான். கார் கதவைப் பிடித்தபடி நின்றேன், அவள் கிளம்ப வேண்டும் என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.